ஓடக்காரிக்குக் கை ஒழியவில்லை

மதிக்குட்டி தூங்கிவிட்டாள், ஆனால் வேலுத்தாயின் வலது கட்டைவிரலை மட்டும் விடவில்லை. பதினாலு மாதப் பிள்ளைக்கு இத்தனை பிடி எங்கிருந்து வருகிறதோ, பருப்புச் சோறு நாலு வாய்க்கு மேல் இறங்காத உடம்பு, விரலைப் பிடித்தால் மட்டும் உடும்புப் பிடி. உருவினால் முழித்துக்கொள்வாள், முழித்தால் மூன்று மணிக்கு ஆட்ட வேண்டிய மாவும் போச்சு, நாலு மணிக்கு அனுப்ப வேண்டிய பதிலும் போச்சு. சரி, இருந்துட்டுப் போகட்டும் என்று பாயோரத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டாள். ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டொக் டொக்கென்றது, வெளியே சாத்தூர் வெயில் காய்ந்த மிளகாய் மாதிரி நெடியடித்தது. இடது கையில் போன், போனில் எபி அண்ணன் அனுப்பிய பதில். மதுரையில் இருக்கிற எபனேசர் அண்ணன்தான் பகடைப் பெட்டி பதிப்பகம். ஆபீஸ், அலமாரி, முதலாளி எல்லாம் அவர் ஒருத்தர்தான். அவர் கதையும் விதியும் எழுத, இங்கே இந்த ஒற்றை அறையில் கம்ப்யூட்டரை வைத்து வேலுத்தாய் பக்கம் போட்டுக் கொடுத்துப் பிறந்ததுதான் ‘உப்பாற்றுக் கோட்டை’. சும்மா படித்துவிட்டு வைக்கிற புத்தகம் இல்லை, விளையாடுகிற புத்தகம். நாலைந்து பேர் வட்டமாக உட்கார வேண்டும், ஒருத்தர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். கதவைத் தள்ளலாமா, ஆற்றைக் கடக்கலாமா, பொய் சொல்லித் தப்பலாமா என்று அவரவர் வாயால் சொல்வதுதான் ஆட்டம், சொன்னது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை உருட்டிப் பார்த்துக்கொள்வார்கள். புத்தகம் வந்து ஐந்து மாதம். வாங்கியவர்கள் வரிசையாக எழுதிவிட்டார்கள், பதில் போட்டாக வேண்டும், ‘நாலு மணிக்குள்ள இத அழகா ஒரு பக்கத்துல போட்டு அனுப்பிரு தாயி, குரூப்புல போட்டுருவோம்’ என்று காலையிலேயே எபி அண்ணன் அனுப்பிவிட்டார். மணி இரண்டே முக்கால். அழகாகப் போடுவது ஒரு பெரிய விஷயமா, பத்து நிமிஷ வேலை. கைதான் ஒழியவில்லை.

கை ஒழியல. அந்த வார்த்தையில் போய் மறுபடியும் மனசு இடித்துக்கொண்டது, நிலைப்படியில் கால் பெருவிரல் இடிக்கிற மாதிரி, இடித்த இடத்திலேயே. மற்ற கடிதங்களுக்கெல்லாம் அவள் சிரித்தாள், உண்மையாகவே வயிறு குலுங்கச் சிரித்தாள். பின்னணியில் கோட்டைச் சுவர் படம் போட்டு அதன்மேல் எழுத்தை ஓட்டியிருந்தாளா, ‘எது செங்கல் எது எழுத்துன்னு கண்டுபிடிக்கிறதே ஒரு ஆட்டமா இருக்கு’ என்று திருப்பூரில் ஒருவர். ‘எந்த விதி எந்தப் பக்கம்னு தேடி முடிக்கிறதுக்குள்ள முதலை எங்க தளபதியத் தின்னுட்டுப் போயிருச்சு, கடைசியில ஒரு பட்டியல் போட்டா என்னவாம்’ என்று தேனியில் காலேஜ் பையன்கள். ‘புத்தகம் விரிஞ்சு கிடக்க மாட்டேங்குது, ரெண்டு பக்கமும் உளுந்து டப்பா வச்சு விளையாடுனோம், எங்கம்மா டப்பாவக் கேட்டு வந்து நின்னதும் கோட்டைப் போர் நின்னுபோச்சு’ என்று இன்னொருவர். இதை அவள் காளிராஜிடம் வாசித்துக் காட்ட, அவன் குட்டியானை வண்டியின் சாவியைச் சுழற்றிக்கொண்டே, ‘அடுத்த புத்தகத்தோட ஒரு டப்பா உளுந்தும் சேத்துக் குடுத்துருங்கடி’ என்றான். ஆள் அப்படித்தான், பெண்டாட்டி வேலை செய்த புத்தகத்தைச் சரக்கு ஏற்றப் போன இடமெல்லாம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கேலி பேசுவான். அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்தது. நேற்று சாயந்திரம் மணப்பாட்டிலிருந்து ஜெனிட்டாவின் கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதி அவள் சித்தி போட்டோ பிடித்து அனுப்பியது, எழுத்தெல்லாம் கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ‘அன்புள்ள பகடைப் பெட்டிக்கு. நான் ஆறாம் வகுப்பு. புத்தகம் நல்லா இருக்கு. படம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா மூடிக்கிடுது. எனக்கு அண்ணன்மார் மூணு பேர், சித்தி மகன் ஒருத்தன். அவங்க நாலு பேரும் விளையாடுவாங்க. நான் புத்தகத்தப் பிடிச்சுக்கிட்டு இருப்பேன். நான் ஓடக்காரியா இருக்கணும்னு பேர் எல்லாம் எழுதி வச்சிருக்கேன். மூணு ஞாயித்துக்கிழமை ஆயிட்டு. கை ஒழியல.’ அவ்வளவுதான் கடிதம். புகாரா அது, புகார் மாதிரியே இல்லை, கோபம்கூட இல்லை. கை ஒழியல. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவள் வாயில் வர வேண்டிய வார்த்தை, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன வேலையாம் கை ஒழியாமல் போக? புத்தகம் பிடிக்கிற வேலை. யார் கொடுத்த வேலை?

பாயோரத்தில் அவளுடைய புத்தகம் கிடந்தது. அச்சகத்திலிருந்து வந்த முதல் கட்டில் முதல் பிரதி, எபி அண்ணன் ‘இது உனக்கு’ என்று எடுத்துக் கொடுத்தது. போனை மடியில் வைத்துவிட்டு இடது கையால் நடுப்பக்கத்தைத் திறந்தாள். கோட்டையின் பெரிய படம், இந்தப் பக்கத்துக் கொத்தளத்திலிருந்து அந்தப் பக்கத்து ஆறு வரைக்கும் இரண்டு பக்கமும் பரவி ஓடுகிற படம், அவள் உயிரை விட்டு வைத்த படம். கையை எடுத்தாள். புத்தகம் ஒரு மூச்சு நேரம் யோசித்தது, பிறகு நண்டு காலை மடக்குகிற மாதிரி மெல்ல மடங்கி மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள். மூடிக்கொண்டது. உள்ளங்கையால் அமுக்கி நீவினாள், முதுகுப் பசை மொறுக்கென்றது, கையை எடுத்தால் மறுபடியும் அதே கதை. அடச்சீ, இது எப்படி இத்தனை நாள் எனக்குத் தெரியாமப் போச்சு? இருநூறு தரம் புரட்டியிருக்கிறாளே. எப்படிப் புரட்டினாள்? இடது தோளில் ஒன்பது மாதத்து மதிக்குட்டி, பால் குடித்துவிட்டுக் கக்கிக்கொண்டு, வலது கையில் புத்தகம், கட்டைவிரல் நடுவே. இந்தக் கட்டைவிரல்தான். இதே விரல்தான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிடித்திருக்கிறோம் என்கிற நினைப்பே இல்லாமல் பிடித்திருக்கிறது. அதற்கு முன்னால் எல்லாம் கம்ப்யூட்டரில், கம்ப்யூட்டரில் எந்தப் பக்கம் மூடிக்கொண்டது? மதுரைக்கு வா, எல்லாரும் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்போம் என்று எபி அண்ணன் இரண்டு தரம் கூப்பிட்டார். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போக, போகவில்லை. விளையாட்டுப் புத்தகம் போட்டவள் ஒரு நாள்கூட அந்த விளையாட்டை விளையாடியதில்லை. தரையில் விரித்து, நாலு பேர் குனிந்து, ஒரு கையில் பகடையும் ஒரு கையில் பென்சிலுமாக, பக்கத்தில் முறுக்குத் தட்டோடு, அப்படி அந்தப் புத்தகத்தை அவள் கனவில்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் தெரியாமல் போச்சு என்று சொல்லவும் முடியாது. அங்கேதான் முள் இருந்தது. ஒருத்தி சொன்னாள். சிவகாசி அச்சகத்தில் பைண்டிங் பார்க்கிற ஜெபமணி அக்கா, விரலெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்த மாதிரி இருக்கும், மாதிரிப் பிரதியை இரண்டு கையாலும் விரித்துப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினாள். ‘தாயி, தாளும் முரட்டுத் தாளு, பக்கம் சேர்ற உள் ஓரமும் ஒடுக்கமாப் போட்டிருக்க. பசை போட்டு ஒட்டுனா விரிஞ்சு கிடக்காது பாத்துக்கோ. ஓரத்துல இன்னொரு விரக்கடை விடு, இல்லன்னா தையல் போடச் சொல்லு.’ ஓரம் விட்டால் நூற்றறுபது பக்கத்துக்குள் அடங்காது, அடங்க வேண்டுமென்றால் படத்தைக் குறைக்க வேண்டும், படத்தைக் குறைக்க வேலுத்தாய்க்கு மனசு வரவில்லை. முரட்டுத் தாளும் அவள் கேட்டதுதான், படம் அதில்தான் மினுங்கியது. தையல் என்றால் எபி அண்ணனிடம் கேட்க வேண்டும், கேட்டால் ஏன் என்பார், ஏன் என்றால் ஓரம் என்று சொல்ல வேண்டும். ‘பரவால்லக்கா, கையில பிடிச்சுத்தான படிப்பாங்க’ என்று சொல்லி வைத்துவிட்டாள். கையில பிடிச்சுத்தான படிப்பாங்க. சொன்ன வாயை அம்மியில் வைத்து நைக்கணும். இப்போது எபி அண்ணனின் பதில் என்ன சொல்கிறது என்றால், ‘நூல் விரிந்து நிற்காததற்குக் காரணம் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் நேர்ந்த கவனக்குறைவு. அவர்களிடம் கண்டிப்பாகப் பேசியிருக்கிறோம். அடுத்த நூலுக்கு வேறு அச்சகம் பார்க்கிறோம்.’ அவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரியாது, அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். கவனக்குறைவு. இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தது அந்த ஒருத்திதான், அவளுக்குக் கவனக்குறைவாம். இதைத்தான் பூ வேலை செய்த கட்டத்துக்குள் நல்ல எழுத்தில் அழகாகப் போட்டு அனுப்ப வேண்டும். பத்து நிமிஷ வேலை.

மதிக்குட்டி உதட்டைக் குவித்து எதையோ சப்பினாள், பிடி ஒரு கணம் தளர்ந்து மறுபடி இறுகியது. சூடான சின்னக் கை, வேர்த்து விரலோடு ஒட்டியிருந்தது. பிடிச்சுக்கோ தங்கம், பிடிச்சுக்கோ. பிடித்துக்கொண்டு நிற்பதைப் பற்றி வேலுத்தாய்க்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏழாம் வகுப்பு, ஊர்ப் பள்ளிக்கூடம், சுவரில் மேப்பு மாட்டுகிற ஆணி விழுந்துபோய் வருஷம் பூராவும் அடிக்க ஆளில்லை. ‘வேலுத்தாயி, நீதான் நெட்டச்சி, வந்து பிடி’ என்பார் டீச்சர். மேப்புக் கம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வகுப்பைப் பார்த்து நிற்பாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் மேப்பைப் பார்க்கும், அவள் முப்பத்தெட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பாள். யாருக்கு மூக்கு ஒழுகுகிறது, யார் பெஞ்சுக்கடியில் நெல்லிக்காய் தின்கிறார்கள், எல்லாம் தெரியும். இந்தியா மட்டும் தெரியாது. டீச்சரின் குச்சி துணியில் பட்டு டப் டப்பென்று தலையில் தட்டும், இது கங்கை, இது யமுனை என்று. பெருமையாகத்தான் இருந்தது அப்போது, வகுப்பில் வேறு யாரைக் கூப்பிட்டார்கள்? பரீட்சையில் நர்மதையைக் கொண்டுபோய் வங்காள விரிகுடாவில் விட்டுவிட்டு வந்தாள். ‘மேப்புப் பிடிச்சவளுக்கே மேப்புத் தெரியல பாரு’ என்று டீச்சர் சொல்ல, வகுப்பே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள், சிரித்துச் சமாளிக்கிற பிள்ளைதான் அவள், இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் கை வலித்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. தோள்பட்டைக்குக் கீழே, உள்பக்கமாக, சுண்டி இழுக்கிற வலி. ஜெனிட்டாவுக்கும் அந்த இடத்தில்தான் வலிக்குமா? பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வேறு இடத்தில் வலிக்குமோ? அண்ணன்மார் பகடையை உருட்டிக் கத்துவார்கள், அவள் பக்கம் மூடாமல் பார்த்துக்கொள்வாள். அவள் முகத்துக்கு நேரே எழுத்தெல்லாம் தலைகீழாகக் கிடக்கும்.

சொல்லிவிடலாம். சொன்னால்? மனசு அங்கே போனதும் மாட்டு வண்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்கிய மாதிரி நின்றுகொண்டது. இரண்டாவது புத்தகம் ‘கழிமுகம்’ எழுதி முடித்தாயிற்று. சென்னையில் யாரோ ஒருவர் பெரிய கம்பெனிக்கெல்லாம் பக்கம் போட்டவராம், பகடைப் பெட்டிக்குச் செய்து தருகிறேன் என்று கேட்டாராம். ‘நமக்கு வேலுத்தாயி இருக்கால்ல’ என்று சொல்லிவிட்டதாகப் போன மாதம்தான் எபி அண்ணன் சொன்னார். இருக்கா. ஓரத்தை முழுங்கிவிட்டு ஐந்து மாதம் பேசாமல் இருந்தவள் இருக்கா. இந்தப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘வடிவமைப்பு: வேலுத்தாய்’ என்று இருக்கிறது; கூச்சப்பட்டுக்கொண்டு எறும்பு மாதிரிச் சின்ன எழுத்தில் போட்டதுதான், ஆனாலும் இருக்கிறது. பத்திரிகையில் பேர் வராது, பத்திரத்தில் பேர் இல்லை, கல்யாணப் பத்திரிகைக்கும் ரேஷன் கார்டுக்கும் பிறகு அச்சில் அவள் பேர் வந்தது அங்கேதான். காளிராஜ் அதை நகத்தால் சுட்டிச் சுட்டிக் காட்டி அந்த இடமே அழுக்காகியிருந்தது. சொல்லாமலே விட்டால்? யாருக்கும் தெரியாது. ஜெபமணி அக்கா குரூப்பிலா இருக்கிறாள்? அச்சகத்துக்கு நூறு வேலை, ஒரு சின்னப் பதிப்பகம் போனால் என்ன. இதைச் சொல்லிக்கொண்டே வரும்போது உளுந்து ஊறினது அதிகமாகிவிடுமோ என்று ஒரு கவலை குறுக்கே ஓடியது, கரண்டு போவதற்குள் ஆட்ட வேண்டும், பிறகு மறுபடியும் ஜெபமணி அக்காவின் குரல், கோபமில்லாமல், தன் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, இன்னொரு விரக்கடை விடு தாயி. மூன்று மாதம் முன்னால் மதிக்குட்டிக்குக் காய்ச்சலென்று கேள்விப்பட்டுச் சம்பந்தமில்லாத நேரத்தில் போன் பண்ணி விசாரித்தவளும் அவள்தான். கண்டிப்பாகப் பேசியிருக்கிறோம். என்ன பேசியிருப்பார்கள்? யார் போய்ப் பேசியிருப்பார்கள்? அவள் எப்படி நின்றிருப்பாள், பசைக் கையை எங்கே துடைத்திருப்பாள்?

மூன்று மணி முப்பத்தைந்துக்கு மடியில் போன் அதிர்ந்தது. எபி அண்ணன். இடது கையால் எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

“என்ன தாயி, முடிஞ்சுதா?”

“இல்லண்ணே,” என்றாள் கிசுகிசுப்பாக.

“ஏன் இப்பிடிக் கிசுகிசுக்குற? வீட்டுல யாரும் இருக்காங்களா?”

“பிள்ள தூங்குதுண்ணே. விரலப் பிடிச்சிருக்கா.”

“சரி சரி,” என்று அவரும் மதுரையிலிருந்து குரலைத் தாழ்த்திக் கிசுகிசுத்தார். மதிக்குட்டிக்கு அங்கிருந்து கேட்கவா போகிறது! சிரிப்பு வந்தது வேலுத்தாய்க்கு. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, நிறுத்தினால் வராது என்று தெரிந்து, சொல்லிவிட்டாள்.

“அண்ணே, பைண்டிங் மேல தப்பில்ல. நாந்தான். படம் குறையக் கூடாதுன்னு உள் ஓரத்தப் பாதியாக் குறைச்சேன். ஜெபமணி அக்கா மூடிக்கிடும்னு அப்பவே சொல்லுச்சு. நான் உங்ககிட்டச் சொல்லல.”

மதுரையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

“அஞ்சு மாசம்,” என்றார், இன்னும் கிசுகிசுப்பாகவே. கிசுகிசுப்பில் கோபப்படுவது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். “அஞ்சு மாசமா வாயத் திறக்கல நீ. நேத்துத்தான் அச்சகத்துல கண்டபடி பேசி வச்சிருக்கேன், தெரியுமா? அந்தம்மா ஒண்ணும் திருப்பிச் சொல்லல. சரிங்க சார்னு மட்டும் சொல்லுச்சு.”

ஒண்ணும் திருப்பிச் சொல்லல. என் பேரைச் சொல்லியிருக்கலாமே அக்கா, ஒரு வார்த்தை போதுமே.

“நான் இப்பவே அக்காவுக்குப் போன் பண்ணுறேன். நீங்களும் பண்ணுங்கண்ணே. பதில நான் எழுதுறேன், என் பேரப் போட்டு.”

“என்னத்த எழுதுவ?”

“நடந்தத. அப்புறம் அந்த வேஷம், பகடை, விதி எல்லாத்தையும் பெரிய எழுத்துல, பின்னாடி சுவர் கிவர் இல்லாம, வெறும் வெள்ளையில எட்டுப் பக்கம் மடிப்புத் தாளாப் போட்டுத் தாரேன். வாங்குன எல்லாருக்கும் அனுப்பிருவோம். எது எந்தப் பக்கம்ங்கற பட்டியலும் அதுலயே. இருக்கிற புத்தகத்துக்கும் ஒரு வழி இருக்கு. முதுகுல பசைதான, இஸ்திரிப் பெட்டி வச்சா இளகிரும். தாளு தாளாப் பிரிச்சுக்கலாம்.”

“ஏம்மா, பதிப்பகத்துக்காரனே புத்தகத்தப் பிய்யின்னு சொல்லுறதா?” கிசுகிசுப்பை மறந்து அலறினார், உடனே மறுபடி தாழ்ந்தார். “ஐயையோ, முழிச்சிட்டாளா?”

“இல்லண்ணே.”

“இஸ்திரிப் பெட்டியாம்.” பெருமூச்சுவிட்டார். “ரெண்டாவது புத்தகத்தப் பத்தி இப்ப நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் தாயி. யோசிக்கணும்.”

“யோசிங்கண்ணே.”

வைத்துவிட்டார். யோசிக்கணும் என்றால் என்ன அர்த்தம், சென்னைக்காரரா, கோபம் ஆறினால் நாமா? தெரியவில்லை. தெரியாததை வைத்துக்கொண்டு மாவு ஆட்ட முடியும், அதில் அவளுக்குப் பழக்கமுண்டு. ஜெபமணி அக்காவுக்குப் போட்டாள். மெஷின் சத்தத்துக்கு நடுவே அவள் எடுத்து, எல்லாம் கேட்டுவிட்டு, ‘அட விடு தாயி, கைக்குழந்தக்காரி நீ, எனக்குப் பேச்சு வாங்கிப் பழக்கம்’ என்றாள். பிறகு, ‘ஆனா சொன்ன பாரு, அது நல்லாருக்கு’ என்றாள். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் விரல் வெறுமையாக இருந்தது. எப்போது விட்டாளோ, மதிக்குட்டி மல்லாக்கக் கிடந்தாள், இரண்டு உள்ளங்கையும் திறந்து, எதையும் பிடிக்காமல். வேலுத்தாய் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். வெளுத்துச் சுருங்கியிருந்தது.

உளுந்து இன்னும் கால் மணி நேரம் ஊறலாம். இஸ்திரிப் பெட்டியைச் சுவரோரம் செருகினாள். தன் புத்தகத்தை, தன் பேர் போட்ட முதல் பிரதியை, முதுகு மேலே தெரியக் குப்புற நிறுத்தி, பழைய வேட்டித் துணியைப் போட்டு, சூடு பார்த்து வைத்தாள். பசை வாடை, கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் கருகின வெல்லம். அட்டையை இழுத்தாள், வந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு தாளாக, பலாச்சுளை எடுக்கிற மாதிரி, கிழியாமல், பொறுமையாக. நடுப்பக்கத்துக் கோட்டை இரண்டாகப் பிரிந்து ஆறு ஒரு தாளிலும் கொத்தளம் ஒரு தாளிலுமாகப் போனது. போகட்டும், ஆறு தனியாகவும் நன்றாகத்தான் இருந்தது. தரையில் பரப்பினாள். ஃபேன் காற்றில் ஓரங்கள் படபடத்தன. ஆனால் எதுவும் மூடிக்கொள்ளவில்லை, எல்லாம் மல்லாந்து கூரையைப் பார்த்துக் கிடந்தன, பக்கத்தில் பிள்ளை கிடக்கிற மாதிரியே. தளபதிக்கு ஒரு கட்டு, வைத்தியனுக்கு ஒரு கட்டு, திருடனுக்கு ஒன்று, ஒற்றனுக்கு ஒன்று என்று அடுக்கினாள். ஓடக்காரியின் தாள்களை மட்டும் தனியாக எடுத்து, மதிக்குட்டியின் பழைய பாவாடை நாடாவால் கட்டி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். எபி அண்ணனுக்குப் பதில் நாலு மணிக்குப் போகும், பத்து நிமிஷம் தாமதமானால் குரூப்பு இடிந்து விழுந்துவிடாது. முதலில் மணப்பாட்டுக்குப் போக வேண்டிய இது. கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்துத் தரையில் வைத்து, பிடிக்காமலே அது அசையாமல் கிடக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு, பேனாவை எடுத்து, யாருக்கும் பூதக்கண்ணாடி தேவைப்படாத பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தாள்.

‘அன்புள்ள ஓடக்காரிக்கு, உன் கையைக் கட்டிப் போட்டவள் எழுதுவது. என் பேர் வேலுத்தாய். ஞாயிற்றுக்கிழமை பகடையை முதலில் நீ உருட்டு. பிடிப்பதற்கு இனி ஒன்றுமில்லை.’